கத்தரி நிற்கும் இடம்

எங்கள் தெரு சலூன்காரர் அரசியல் பேசும்போது கத்தரி சரக் சரக்கென்று சீப்பின் மேல் வேகமாக ஓடும். எந்தக் கட்சியையும் திட்டமாட்டார். "கவுன்சிலர் நம்ம சாக்கடையை எட்டிப் பார்த்தாரா தம்பி?" என்று மட்டும் கேட்பார்.

ரேடியோவில் இளையராஜா பாட்டு வந்தால் கத்தரி நின்றுவிடும். பல்லவி முடிந்து புல்லாங்குழல் ஏறும்போது, என் பிடரியில் இருக்கும் அவருடைய ஈரக்கை அசையாது. "பாட்டைவிட நடுவுல வர்ற இதுதான் தம்பி" என்பார். சரியான தீர்ப்பு. 'அன்னக்கிளி' வெளிவந்த 1976-இல் தொழில் பழக வந்தவராம். படிப்பதெல்லாம் தினத்தந்திதான்: தலைப்பை உரக்க, செய்தியை உதட்டுக்குள், கன்னித்தீவைக் கடைசியாக. பிறகு மடிப்புக் கலையாமல் அடுத்தவரிடம் நீட்டுவார். காத்திருந்தாலும் அவர் நாற்காலியில்தான் உட்காருவேன். செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை.