எழுந்தருளலும் தோண்டலும்

'எக்ஸ்ஹ்யூம்' என்ற ஆங்கில வினையைத் 'தோண்டியெடு' என்று தமிழாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போதாது. லத்தீனில் 'ஹ்யூமஸ்' என்றால் மண். 'ஹ்யூமாரே' என்றால் மண்ணிலிட்டு மூடுதல். முன்னால் 'எக்ஸ்' சேர்ந்தால், மூடியதை வெளிக்கொணர்தல். ஆக, முன்பு எவரோ புதைத்தார் என்கிற செய்தி அந்த வினைக்குள்ளேயே கிடக்கிறது. நம்ம 'தோண்டு'வில் அது இல்லை. கிணறு தோண்டுகிறோம், கிழங்கு தோண்டுகிறோம். காஞ்சிபுரத்தில் குழித்தறி போட வீட்டுத் தரையையும் தோண்டத்தான் வேண்டும்.

அதே காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் இருக்கும் அத்திமரத் திருமேனியை 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே கொண்டுவருகிறார்கள். 1979க்குப் பிறகு 2019இல், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை. தண்ணீரை இறைத்ததும் சேற்றை அள்ளியதும் தூக்கி வந்ததும் மனிதக் கைகள்தாம். ஆனால் வாக்கியத்தில் அந்தக் கைகள் இல்லை: 'அத்தி வரதர் எழுந்தருளினார்.' 'சாமியை எப்போ தோண்டி எடுத்தாங்க?' என்று ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுப்பாருங்கள், தெரியும் சேதி. செயப்படுபொருள் இங்கே எழுவாய் ஆகிவிடுகிறது. (எழுவாய் என்ற சொல்லே எழுதலிலிருந்து வந்ததுதான்.) பக்தியின் சொல்லாடலுக்கு இது இயல்பு, இதில் எனக்குப் புகார் ஏதுமில்லை.

புகார் வேறிடத்தில். 'எக்ஸ்ஹ்யூம்' என்ற வினையைத் தமிழர்கள் தம் சொந்த மனிதருக்கே பயன்படுத்த நேர்ந்த இடம் யாழ்ப்பாணத்துச் செம்மணி. அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக 1998இல் நீதிமன்றத்தில் சொன்னவர், கிருஷாந்தி குமாரசுவாமி கொலைவழக்கில் தண்டிக்கப்பட்ட ராணுவத்தினரில் ஒருவர். 1999இல் தோண்டியபோது கிடைத்தவை 15 உடல்கள். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் மறுபடி தோண்டினார்கள். 200க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள். அவற்றில் குழந்தைகளுடையவையும் உண்டு. ஒன்றுடன் நீலநிறப் பள்ளிப்பை.

இவற்றைப் பற்றிய தமிழ் வாக்கியங்களைக் கவனியுங்கள். 'அடையாளம் காணப்பட்டன', 'அகழ்ந்தெடுக்கப்பட்டன', 'புதைக்கப்பட்டவர்கள்'. எல்லாமே செயப்பாட்டுவினை. அத்தி வரதர் விஷயத்தில் தூக்கியவரை மறைத்தால் கடவுள் எழுவார். இங்கே புதைத்தவரை மறைத்தால் எவரும் எழுவதில்லை, கொன்றவர் தப்புகிறார். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் சின்ன வித்தியாசமா அது? எச்சரிக்கையான சட்டமொழி என்று சமாதானம் சொல்லலாம். ஒரு நிருபருக்கு அது பொருந்தும். கட்டுரையாளர்களுக்கும் கவிஞர்களுக்கும் என்ன வந்தது?

இன்னொரு சொல்லும் புழங்குகிறது: 'மீட்பு'. எலும்புகள் 'மீட்கப்பட்டன' என்று எழுதுகிறோம். மீட்பது என்றால் ஒருவர் பிடியிலிருந்து மீட்பது. எவர் பிடியிலிருந்து? 'மண்ணிலிருந்து' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம்.