மேல்முறையீடு என்னும் மறுவாசிப்பு

தியாகராய நகரில் 1969இல் அண்ணா திறந்துவைத்த கலைவாணர் சிலையைச் சிரிப்பின் சின்னமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கொலை வழக்கில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்ததைக் கேட்டால், 'ஏதோ கெட்ட நேரம், அப்புறம் விட்டுட்டாங்க' என்கிறார்கள்.

எப்படி விட்டார்கள்? 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்ட பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் இறந்துபோனார். 1945இல் ஜூரி விசாரணைக்குப் பின் என்.எஸ்.கிருஷ்ணனுக்கும் தியாகராஜ பாகவதருக்கும் ஆயுள் தண்டனை. சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. லண்டன் பிரிவி கவுன்சில் அவர்களை விடுவிக்கவில்லை. மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் அதே உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

ஆக, மாறியது வாசிப்பு. 'உண்மை வென்றது' என்பது நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அதற்காக, தீர்ப்பும் ஒரு பிரதிதான் என்று சொல்லி நிறுத்திக்கொள்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. கவிதையைத் தப்பாக வாசித்தால் யாரும் ஜெயிலில் கிடப்பதில்லை. இங்கே மறுவாசிப்புக்கு வக்கீல் வேண்டும், காசு வேண்டும், லண்டன் வரை எட்டும் கை வேண்டும். நட்சத்திரங்களுக்கு அது இருந்தது. இல்லாத கைதிக்கு முதல் வாசிப்பே கடைசி வாசிப்பு. இலவசச் சட்ட உதவி அரசியல் சட்டத்தில் 39அ பிரிவாக நுழைந்ததே 1976இல்தான்.

பிரதியின் பன்முகத்தன்மை பற்றிப் பேசுகிற நாம், இரண்டாம் வாசிப்பு யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.