தோட்டமும் நகரமும்: மலேசியத் தமிழரின் சமதர்மச் சிந்தனை பற்றிய ஆய்வுகள் குறித்து ஒரு மதிப்பீடு

மலேசியத் தமிழரிடையே சமதர்மச் சிந்தனை பரவிய வரலாற்றைக் கூறும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வழியில் செல்கின்றன. 1923ஆம் ஆண்டு சென்னையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதில் தொடங்கி, 1929ஆம் ஆண்டு திசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கியதைத் தொட்டு, நேரே இரப்பர்த் தோட்டத்திற்குள் நுழைந்துவிடுகின்றன. அதன்பின் லயமும் கங்காணியும் பால்மரமும்தாம். இவ்வழியில் இரண்டு இடறல்கள் உள்ளன.

முதலாவது காலமுறை பற்றியது. பெரியார் சோவியத்து நாட்டைச் சுற்றிப் பார்த்தது 1932ஆம் ஆண்டில். சிங்காரவேலரோடு இணைந்து அவர் ஈரோட்டுச் சமதர்மத் திட்டத்தை முன்வைத்தது அதற்குப் பின்னரே. எனவே, 1929இல் மலாயாத் தமிழர் அவரிடம் கேட்டது சாதி மறுப்பும் தன்மான உணர்வுமே; உற்பத்திச் சாதனங்கள் யாருக்கு உடைமையாக வேண்டும் என்ற கேள்வி அப்போது அவர் மேடையின் மையத்தில் இருக்கவில்லை. அவ்வருகையையே இங்குள்ள சமதர்ம உணர்வின் ஊற்றாகக் காட்டுவது பின்னால் நிகழ்ந்ததை முன்னால் நிகழ்ந்ததற்குக் காரணமாக்குவதாகும். பெரியாரின் பெருமையைக் குறைப்பது எம் நோக்கமன்று. அவருக்கு உரியதை அவருக்கு அளித்துவிட்டு, எஞ்சியதற்கு வேறு ஊற்றுகளைத் தேட வேண்டும் என்பதே கூற்று.

இரண்டாவது இடறல் இடம் பற்றியது. வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில், என் ஆய்வு முன்வரைவைப் படித்த ஒரு பேராசிரியர், “உங்கள் மக்கள் நகரத்தில் வாழ்ந்ததே இல்லையா?” என்று வினவினார். ஜார்ஜ்டவுனில் பிறந்து வளர்ந்த எனக்கு அக்கேள்வி நாணத்தைத் தந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும், நகராண்மைக் கழகத்தின் சாலைகளைத் துப்புரவு செய்தவரும், தண்ணீர்மலைத் தைப்பூசத்திற்குக் கூடியவரும் என் முன்வரைவில் ஓரிடத்திலும் இல்லை. ஆய்வுலகம் வகுத்துத் தந்த தோட்ட எல்லையை நானும் அப்படியே ஏற்றிருந்தேன்.

1948ஆம் ஆண்டு சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், 1949ஆம் ஆண்டு மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி தூக்கிலிடப்பட்டதும் இடதுசாரித் தொழிற்சங்க இயக்கத்தை முறித்துவிட்டன என்பது பலரும் அறிந்ததே. அம்முறிவுக்குப் பின் சட்டத்திற்கு உட்பட்டு நின்ற வழிகள் சிலவே. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் கூலிப் பேச்சுவார்த்தை ஒன்று. இவண் நாம் எதிரெதிராக வைத்துக் காண விரும்புவன வேறு இரண்டு: கூட்டுறவும் நகர மன்றமும்.

கூட்டுறவு வழி நன்கு ஆராயப்பட்டுள்ளது. ஐம்பதுகளில் ஆங்கிலேய நிறுவனங்கள் தம் தோட்டங்களை விற்று வெளியேறத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைக் கூறு போட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று தமிழ் ஏடுகள் எழுதியது இதனையே. இதன் விளைவுகளை மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அசீஸ் ஆராய்ந்து அறிக்கையாக்கினார். வேலையோடு வீடும், கோயிலும், தமிழ்ப்பள்ளியும் ஒருசேரப் பறிபோகும் நிலையில், 1960ஆம் ஆண்டு துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு தவணைகளைத் திரட்டித் தோட்டத்தை வாங்கியது ஓர் அரிய செயல். அதனை மறுப்பார் இலர். ஆயினும், பங்குதாரரான பின்னரும் தொழிலாளி விடியலில் பெரட்டுக்கு நின்றுதான் ஆக வேண்டியிருந்தது. நிருவாகம் அமைந்த முறையும் வேலை நடந்த முறையும் பழையனவே. உடைமை மாறியது, உறவு மாறவில்லை. இவ்வேறுபாட்டைச் சுட்டாமல் இதனைச் சமதர்மத்தின் நிறைவேற்றம் என்று எழுதுவோர், பாராட்டுரைக்கும் ஆய்வுரைக்கும் உள்ள எல்லையை அழித்துவிடுகின்றனர்.

நகர மன்ற வழியோ ஏறத்தாழ எழுதப்படாதது. மலாயாவில் முதல் நகராண்மைத் தேர்தல் 1951ஆம் ஆண்டு திசம்பரில் ஜார்ஜ்டவுனில்தான் நடைபெற்றது. 1957 சனவரி முதல் நாளில் இந்நகர் மாநகர் எனும் தகுதி பெற்றது. அவ்வாண்டிலேயே மலாயாத் தொழிலாளர் கட்சியும் அகமது பூஸ்தமாமின் மக்கள் கட்சியும் இணைந்து சோசலிச முன்னணியை அமைத்தன. ஐம்பதுகள் முடிவதற்குள் மாநகர் மன்றம் சமதர்மர் கைக்கு வந்தது. தொழிலாளர் கட்சியின் டி.எஸ்.ராமநாதன் மேயராக வீற்றிருந்தார். 1959ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் சோசலிச முன்னணி நாடாளுமன்றத்தில் வென்ற எட்டு இடங்களுள் வீ.டேவிட்டின் பங்சாரும் ஒன்று. தமிழ்ப் பெயர்கள் இத்துணை வெளிப்படையாக நிற்கையில், தமிழாய்வு அவற்றைக் கடந்து சென்றது வியப்பே.

இங்கும் மிகைக்கு இடந்தரலாகாது. ஜார்ஜ்டவுனில் மின்சாரமும் குடிநீரும் நகரப் பேருந்தும் பொதுவுடைமையாக இருந்தமைக்குச் சமதர்மர் காரணர் அல்லர்; குடியேற்ற ஆட்சிக்கால நகராண்மைக் கழகமே அவற்றை நடத்தி வந்தது. இங்கிலாந்தின் ஃபேபியன் சிந்தனையாளர் பேசிய நகராட்சிச் சமதர்மத்தின் உடல் ஏற்கெனவே இங்கிருந்தது எனலாம். புதிதாக வந்தது வாக்கு. தண்ணீர்க் கட்டணத்தையும், அங்காடிக்காரரின் உரிமத்தையும், துப்புரவுத் தொழிலாளியின் கூலியையும் முடிவு செய்யும் மேசையில், அம்முடிவுகளால் பாதிக்கப்படுவோர் தேர்ந்தனுப்பியவர் அமர்ந்தனர். கூட்டுறவு உடைமையை மாற்றி அதிகாரத்தைப் பழையபடி விட்டது. நகர மன்றம் உடைமையைத் தொடாமல் அதிகாரத்தை மாற்றியது. நிலமற்ற, பங்கு வாங்க இயலாத நகரக் கூலிக்கு இவற்றுள் எது நெருக்கமானது என்பது ஆய்வாளர் கேட்டிருக்க வேண்டிய வினா.

அச்சோதனை நீடிக்கவில்லை. இந்தோனேசியாவின் எதிர்ப்பைக் காரணங்காட்டி 1965ஆம் ஆண்டு மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டு மாநகர் மன்றத்தின் பொறுப்புகள் மாநில அரசிடம் சென்றன. சோசலிச முன்னணிக்குள்ளும் பூசல்கள் இருந்தன. மன்ற நிருவாகத்தின் மீது குற்றச்சாட்டுகளும் எழுந்தன. அவற்றை மறைத்து எழுதுவதும் நேர்மையாகாது. ஆயினும், உள்ளூராட்சியை ஆராய 1965இல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன் என்பது நம் கவனத்திற்கு உரியது. ஆளுங்கூட்டணியில் இடம்பெற்ற ம.இ.கா.வின் முன்னணித் தலைவர் அவர். குறைகளை ஆராய்ந்த அவ்வாணையம் 1968இல் முடித்த அறிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூராட்சியே வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை, 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது. தமிழர் ஒருவரின் பெயரால் வழங்கும் இவ்வறிக்கையைப் பற்றித் தமிழில் விரிவான ஆய்வு நூல் எதனையும் யான் கண்டிலேன்.

இவை பழங்கதை என்று ஒதுக்குவோர் 2009ஆம் ஆண்டைக் கருத வேண்டும். குளுகோரில் தலைமுறைகளாகத் தமிழர் மாடு வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா அவ்வாண்டு இடிக்கப்பட்டது. அந்நிலத்தை மாநில அரசிடமிருந்து பெற்றிருந்தது அரசு அதிகாரிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று. கூட்டுறவு எனும் சொல்லை ஐயமின்றிச் சமதர்மத்தோடு இணைத்து எழுதும் நம் வழக்கத்திற்கு இந்நிகழ்ச்சி விடையளிக்கக் கடினமான கேள்வி. நிலத்தின் பயன் குறித்து முடிவெடுத்த எந்த உள்ளூர் மன்றத்திலும் அக்கிராமத்தார் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் ஒருவரும் இல்லை. 2012இல் பினாங்குச் சட்டமன்றம் உள்ளூராட்சித் தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்தின் வழக்கை நிராகரித்தது.

ஜார்ஜ்டவுனில் முன்பு ஸ்காட் சாலை என வழங்கிய தெருவுக்கு இன்று டி.எஸ்.ராமநாதன் சாலை என்று பெயர். சென்ற பருவத்தில் மலேசியத் தமிழர் வரலாறு பயிலும் மாணவரிடம் அப்பெயருக்கு உரியவர் யார் எனக் கேட்டேன். தோட்டப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்திருப்பார் என்றார் ஒருவர்.