பயிலரங்கு முடிந்த மறுவாரம்

தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது 2003-இல். அதற்கு ஆள் சேர்க்க நடக்கும் பயிலரங்குகளைப் பார்த்துவருகிறேன். எத்தனை பேர் கணக்கு தொடங்கினார்கள் என்று எண்ணுகிறார்கள். மறுவாரம் எத்தனை பேர் எழுதினார்கள்னு கேக்கிறது அபூர்வம்.

உத்திரமேரூரில் ஒன்று நடத்துவதாக வைத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலக் குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் ஏரி வாரியத்துக்கு நூல் சான்று உண்டு. பக்கத்து ஊர் ஏரி மதகைப் பற்றி அந்த ஊர்க்காரர் எழுதினா, 'சான்று எங்கே?'ன்னு கேட்டு நீக்கிடுவாங்க. அப்புறம் அவர் ஏன் வரப்போறார்?

விதியைக் குறை சொல்லவில்லை. சொல்லித்தரும் வரிசைதான் சரியில்லை. முதலில் மேசையில் கல்வெட்டுத் தொகுதிகளையும் மாவட்ட வரலாற்று நூல்களையும் வையுங்கள். நூலில் இல்லாத மதகை அவரே படமெடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றட்டும். அதற்கு அச்சுச் சான்று வேண்டாம். மறுவாரமும் அவர் வர்றாரான்னு எண்ணுங்க.