ஐந்தாம் கியர் வேண்டுமா?

பழைய மொறிஸ் மைனர் பிக்கப் ஒன்றை ஏ9 வீதியில் அலுப்பில்லாமல் ஓட்ட வேண்டுமென்றால், நிசான் ஏ12 எஞ்சினையும் ஐந்து கியர் பொக்ஸையும் ஏற்றச் சொல்பவர்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த யோசனையில் பாதிதான் தேறுகிறது.

கத்துவது எஞ்சின், கத்த வைப்பது பின் அச்சு. 1950களின் 803 சிசி வண்டியில் டிஃப் விகிதம் 5.375. ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் விடும் எல்லை 70 கிலோமீற்றர். அந்த வேகத்திலேயே எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,400 தரம் சுற்றும். வெறும் 30 குதிரைவலு வைத்திருக்கும் எஞ்சின் அது. ஆனையிறவு தாண்டுவதற்குள் காது அடைத்துவிடும்.

இதில் ஐந்தாம் கியர் என்ன செய்யும்? அதன் விகிதம் பெரும்பாலும் 0.8 சொச்சம். பழைய அச்சோடு பெருக்கினால் 4.4 வரும். 1098 சிசி மைனர் காரின் டிஃப் விகிதமோ 4.22. அதாவது, தளத்தை வெட்டி, தாங்கியை மாற்றி, புரொப்பெல்லர் சாஃப்ற்றை அளவுக்குக் குறுக்கிப் பெறுகிற அமைதியைவிடக் கூடுதலான அமைதி ஒரு டிஃப் மாற்றத்தில் கிடைக்கிறது: 70இல் சுமார் 2,700 சுற்று. அரை அச்சின் பற்கள் பொருந்துகின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் 803 எஞ்சின் 4.22ஐ இழுக்காது. சோளகக் காற்று எதிர்த்து வீசும் மாதங்களில் மேல் கியரில் திணறிப்போகும். ஆகவே எஞ்சினும் மாற வேண்டியதுதான். அதற்கு 48 குதிரைவலுத் தரும் 1098 போதும். அதே ஏ-சீரிஸ் குடும்பத்துப் பிள்ளை. நிசானுக்கு வலு அதிகம், உதிரிப்பாகமும் சுலபம். இதை மறுக்க முடியாது. எந்த எஞ்சினை மாற்றினாலும் பதிவுப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தையும் திருத்த வேண்டும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின், அதைத் தொடக்கூடாது என்பார்கள். அந்தப் பற்று எனக்கும் விளங்குகிறது. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து பெயரிங்கையும் சிலிண்டரையும் தின்ற எஞ்சினும் அதுவே. அளந்து பார்க்காமல் அதன்மேல் நீண்ட பயணத்தை ஏற்றுவது சரியல்ல.

சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிறவர் 4.22ஐ விட்டுவிட்டு 4.555 எடுக்கட்டும். டிஃப் மாறினால் எல்லாக் கியரும் உயரும். சுமையோடு புறப்படும்போது கிளச் தேயும். இந்த ஓரிடத்தில் ஐந்து கியர் பொக்ஸ்தான் வெல்கிறது. ஏனெனில் அது கீழ்க் கியர்களின் இழுவையைக் கெடுப்பதில்லை. கண்டி மலை வரை சுமை கொண்டு போகிறவருக்கு அது வீண்செலவு அல்ல. தட்டையான குடாநாட்டுக்குள் ஓடி, எப்போதாவது வவுனியா போகிறவருக்கு வீண்செலவுதான்.

என் தீர்ப்பு: 1098 எஞ்சின், அதன் கியர் பொக்ஸ், 4.22 டிஃப். இவற்றுக்கெல்லாம் முன்னர் பிறேக். பழைய ஏழு அங்குல முன் டிரம்மைக் கழற்றிவிட்டு, 1098 காரின் எட்டு அங்குல டிரம்மைப் பூட்டாமல் வேறெதிலும் கை வைக்க வேண்டாம்.

வேகமானியையும் திருத்த வேண்டும். அது கியர் பொக்ஸிலிருந்து ஓடுவது. பழைய டிஃபுக்கு அமைந்த மானி, புதிய டிஃபோடு 55 காட்டும்போது வண்டி 70இல் போய்க்கொண்டிருக்கும்.