கச்சேரியைக் கேட்பதா, பார்ப்பதா?

ஒரே கச்சேரியின் ஒலிப்பதிவு ஒன்றையும் வீடியோப் பதிவு ஒன்றையும் உங்கள் முன் வைத்து, “ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றால் எதை எடுப்பீர்கள்? “இதில் என்ன சார் கேள்வி? வீடியோவில் பாட்டும் இருக்கிறது, படமும் இருக்கிறது. இரண்டும் கிடைக்கும்போது ஒன்றை மட்டும் யார் எடுப்பார்கள்?” என்று என் மாணவர்கள் என்னையே திருப்பிக் கேட்டார்கள். கூட்டல் கணக்குப்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் நம் மூளை அந்தக் கணக்கைப் போடுவதில்லை. கண்ணுக்கு வேலை கொடுத்தால் காது தன் தீர்ப்பைக் கண்ணிடம் ஒப்படைத்துவிடுகிறது.

1976-இல் ஹாரி மெகர்க், ஜான் மெக்டொனால்டு என்னும் இரு உளவியல் அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ‘பா’ என்று ஒலிக்கும் குரலை, ‘கா’ என்று உச்சரிக்கும் உதடுகளின் படத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் மிகப் பலருக்குக் கேட்டது பாவும் இல்லை, காவும் இல்லை, ‘தா’! கண்ணை மூடிக்கொண்டால் ‘பா’ சரியாகக் கேட்கும். திறந்தால் மறுபடியும் ‘தா’. இப்படி ஏமாற்றப்படுகிறோம் என்று தெரிந்திருந்தும் ஏமாறுகிறோம் என்பதுதான் இதில் வியப்பு.

இது பேச்சுக்கு மட்டும் உரியதன்று. மரிம்பா என்பது மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் ஒரு கருவி. அதன் கலைஞர் கையை நீட்டி வீசித் தட்டினாலும், சுருக்கென்று தட்டினாலும் எழும் ஒலியின் நீளம் ஒன்றுதான். ஆனால் படத்தோடு கேட்டவர்கள் நீட்டி வீசியபோது ஒலி நீண்டதாகவே கூறினார்கள். ஷுட்ஸ், லிப்ஸ்காம் ஆகியோர் 2007-இல் கண்டது இது. நம் மிருதங்க வித்துவான்கள் சிலர் தனி ஆவர்த்தனத்தில் கையை உயரே தூக்கி இறக்கும்போது சபை கைதட்டுவதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கைதட்டலில் எத்தனை பங்கு காதுக்கு, எத்தனை பங்கு கண்ணுக்கு?

2013-இல் சியா-ஜுங் சே என்பவர் இன்னொரு படி போனார். மேற்கத்திய இசைப் போட்டிகளில் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரில் வென்றவர் யார் என்று ஊகிக்கச் சொன்னார். ஒலியில்லாத படத்தை மட்டும் பார்த்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிட நன்றாக ஊகித்தார்கள்! இசையறிந்தவர்களும் இதற்கு விலக்கில்லை. தேர்ந்தெடுத்த துண்டுகளை மாற்றினால் முடிவும் மாறும் என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயினும் நடுவர்களின் காதுகளும் கண்ணுக்குக் கட்டுப்பட்டவை என்னும் ஐயத்தைத் தள்ளிவிட முடியாது.

“நேரில் கச்சேரிக்குப் போனாலும் பார்த்துக்கொண்டுதானே கேட்கிறோம்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நேரில் பார்ப்பதற்கும் வீடியோவில் பார்ப்பதற்கும் இயற்பியல் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 17 மீட்டர் தள்ளி நீங்கள் அமர்ந்திருந்தால், பாடகரிடமிருந்து நேராக வரும் ஒலி விநாடியில் 20-இல் ஒரு பங்கு தாமதமாக உங்களை அடைகிறது. நாம் அதை உணர்வதே இல்லை. ஒலி படத்துக்குப் பிந்துவதைப் பிறந்தது முதல் பழகியவர்கள் நாம். தொலைக்காட்சிப் பொறியியலிலும் இதைக் காணலாம்: படத்தைவிட ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், பிந்தினால் 125 மில்லி விநாடி வரை கண்டுபிடிக்க மாட்டோம் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை கூறுகிறது. அதாவது, மண்டபத்தில் கண்ணும் காதும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன. வீடியோவிலோ கண் ஒரு கணம் வித்துவானின் விரல் நுனியில், மறு கணம் மண்டபத்தின் கடைசி வரிசையில், அடுத்த கணம் கடத்தின் வாயருகில்! காது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. யாரைக் கேட்பது என்பதை நமக்காகக் காமிராக்காரர் முடிவு செய்துவிடுகிறார்.

இனி மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்வோம்.

1966 அக்டோபரில் எம்.எஸ். சுப்புலட்சுமி நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபை மண்டபத்தில் பாடினார். வி.வி. சுப்பிரமணியம் வயலின், டி.கே. மூர்த்தி மிருதங்கம். தமிழ் வீடுகள் இந்தக் கச்சேரியை அறிந்தது பெரும்பாலும் ஒலிப்பதிவின் வழியாகத்தான். அன்றைய நீள இசைத்தட்டின் ஒரு பக்கம் 20, 25 நிமிடத்துக்கு மேல் கொள்ளாது. கச்சேரியை அந்த அளவுக்கு வெட்டியே தீரவேண்டும் என்பது ஒலிப்பதிவு செய்த குற்றம். அதை மறைக்க மாட்டேன். ஆயினும் அதைக் கேட்கும்போது மண்டபம் எவ்வளவு பெரியது, அவர் என்ன புடவை கட்டியிருந்தார், யார் யார் வந்திருந்தார்கள் என்பதெல்லாம் நினைவுக்கு வருவதில்லை. தம்புராவின் சுருதி இருக்கிறது. அதன் மேல் குரல் வந்து அமர்கிறது. வேறெதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது, 2008-இல் வெளிவந்த ‘மார்கழி ராகம்’. பாம்பே ஜெயஸ்ரீ, டி.எம். கிருஷ்ணா இருவரின் கச்சேரியை ஜெயேந்திரா இயக்க, பி.சி. ஸ்ரீராம் படம்பிடித்தார். ஒலி எச். ஸ்ரீதர், அவர் அவ்வாண்டு டிசம்பரிலேயே காலமானார். திரையரங்கில் கச்சேரி என்பது நம்மவர்களுக்குப் புதிய முயற்சி. ஒளியும் நிழலும் அழகு. ஒலியோ, பெரும்பாலான சபாக்களின் ஒலிபெருக்கிகள் வெட்கப்பட வேண்டிய தரம். இதை நான் இரண்டு முறை படமாகப் பார்த்தேன். மூன்றாம் முறை வேறு வேலை செய்துகொண்டே, திரைக்கு முதுகைக் காட்டிக் கேட்டேன். அப்போதுதான் தம்புரா எவ்வளவு நிறைவாகப் பதிவாகியிருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. முன்பு இரண்டு முறையும் அந்த ஒலி என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கேட்கவில்லை. தம்புராவைக் காமிரா அதிகம் நாடாது. அசையாத ஒன்றைக் காட்ட என்ன இருக்கிறது? ஆனால் கச்சேரியே அதன் மேல்தான் நிற்கிறது. இவ்வளவு நல்ல ஒலியைச் செய்தவருக்கு அந்தப் படத்தின் அழகே போட்டியாகிவிட்டது என்பது என் கருத்து.

சர் சி.வி. ராமன் மிருதங்கத்தை ஆராய்ந்த கதையும் இங்கு நினைவுக்கு வருகிறது. சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் ஒத்திசைவில்லாதவை. வலந்தலையில் ஏற்றும் கரும்பசை அவற்றை ஒத்திசைவுள்ளனவாக மாற்றுகிறது என்று அவர் 1920-இலும் பின்னர் 1930-களிலும் விளக்கினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அதிராத கோடுகளில் அது ஒதுங்குவதைக் கண்டார். ஒலியைக் கண்ணால் காண அவ்வளவு பாடு பட வேண்டியிருந்தது! காமிரா காட்டுவது கையைத்தான், ஒலியை அன்று.

மூன்றாவது பதிவு எங்கள் பக்கத்தில் எடுக்கப்பட்டது. அதே டி.எம். கிருஷ்ணா 2017 பொங்கலன்று வெளியிட்ட ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’. கபேர் வாசுகி எழுதியது. ரதீந்திரன் பிரசாத் இயக்கியது. படப்பிடிப்பு எண்ணூர்க் கழிமுகத்தில். இது சபையோர் முன் பாடிய கச்சேரியன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் இதுவரை சொன்னதற்கு நேர் எதிரான சான்று இது. மறைத்தால் நான் ஆசிரியன் இல்லை. ராகமாலிகையாகப் பாடப்பட்ட இந்தப் பாட்டை ஒலியாக மட்டும் கேட்டால் நல்ல பாட்டு, அவ்வளவே. கொசஸ்தலையாற்றின் சேற்றையும், அனல் மின் நிலையங்களின் சாம்பலையும், புகைபோக்கிகளையும் பார்த்துக்கொண்டு கேட்டால்தான் எந்தப் புறம்போக்கைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது தைக்கிறது. ஊர்ப் பொது நிலத்துக்குப் பெயராக இருந்த சொல் வசைச்சொல்லாகிப்போனதை மீட்பதுதான் பாட்டின் பொருள். அந்த நிலம் கண்ணெதிரே கிடக்க வேண்டாமா? இங்கே படத்தை எடுத்துவிட்டால் பாட்டிலேயே ஒரு பகுதி போய்விடும். 2018 ஜனவரியில் தன் முதல் கச்சேரியை நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவுக்கும் இதையே சொல்வேன். வடசென்னையைச் சேர்ந்த இசைவாணி மேடையில் நின்று கானா பாடுகிறார். ஆண்களே பாடிவந்த பாட்டை ஒரு பெண் பாடுவதைக் காண்பதே அங்கு பாதிச் செய்தி. 2020-இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது.

ஆகவே என் அளவுகோல் இதுதான்: கண்ணை மூடிக்கொண்டால் எதை இழக்கிறோம்? இழப்பது அலங்காரம் என்றால் ஒலிப்பதிவே போதும், அதுவே மேல். இழப்பது பொருள் என்றால் வீடியோ வேண்டும். சபாக் கச்சேரிகளில் பெரும்பாலானவை முதல் வகை.

இது வெறும் ரசனைச் சண்டையாக இருந்தால் ஓர் அறிவியல் இதழின் பக்கங்களை இதற்குச் செலவிட மாட்டேன். எங்கள் திருவொற்றியூருக்குத் தியாகராஜ சுவாமிகள் வந்து, சீடர் வீணை குப்பய்யர் வீட்டில் தங்கி, திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் இயற்றினார். அவர் மறைந்தது 1847. எடிசனின் ஒலிவரைவி வந்தது 1877. முப்பது ஆண்டு இடைவெளியில் அந்தக் குரல் போயிற்று. சீடர்களின் பாடாந்தரம் மட்டும் மிஞ்சியது. இன்று எல்லார் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஆயினும் அதே ஊரில், அதே இழப்பு நடந்துகொண்டிருக்கிறது.

என் தெருவில் கானா பாடிவந்த பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு காலமானார். இராயபுரம், காசிமேடு வரை சாவு வீடுகளிலும் பதினாறாம் நாள் இரவுகளிலும் அவரைக் கூப்பிடுவார்கள். இசைத்தட்டோ ஒலிநாடாவோ அவருக்கு இல்லை. அவர் மகன் என்னிடம் ஏழு செல்போன் வீடியோக்களைக் கொண்டுவந்து, “அப்பா குரல் மட்டும் தெளிவா வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க சார்” என்றார். ஆறில் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பல செல்போன்கள் வீடியோ எடுக்கும்போது ஒலியின் மட்டத்தைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும். டோலக் ஓங்கி ஒலித்தவுடன் கருவி பயந்துபோய் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். அடி ஓய்ந்ததும் மெல்ல உயர்த்தும். இதனால் பாடுபவரின் குரல் ஒவ்வோர் அடிக்கும் மூழ்கி எழுகிறது. அதையும் மீறி ஒலி வலுத்தால் அலையின் முகடுகள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட முகட்டில் என்ன இருந்தது என்பது எங்குமே பதிவாகவில்லை. எந்த மென்பொருளும் ஊகிக்கலாமே தவிர மீட்க முடியாது. இன்னொன்று, தகவல் பங்கீடு. குறுந்தகட்டில் ஒலிக்கு விநாடிக்கு 44,100 × 16 × 2, அதாவது 14,11,200 பிட்டுகள். செல்போன் வீடியோவில் படத்துக்கு விநாடிக்கு ஒரு கோடிக்கும் மேலான பிட்டுகள் போக, ஒலிக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு லட்சம். படியளப்பதெல்லாம் படத்துக்கு, ஒலிக்கு மிச்சம் மீதி!

இவற்றுக்கெல்லாம் மேலாக, தூரம். முழு உருவமும் படத்தில் விழவேண்டும் என்று எடுப்பவர் பத்தடி பின்னால் போகிறார். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகும். குரல் மெலிகிறது, தெருவில் போகும் கண்டெய்னர் லாரி மெலிவதில்லை. நல்ல படத்துக்கு உரிய இடம் நல்ல ஒலிக்கு உரிய இடமன்று.

ஏழாவது வீடியோவில் படமே இல்லை, முழுக்கக் கறுப்பு. யாரோ ஒரு பையன் பதிவை ஓடவிட்டு, செல்போனைப் பாடுபவரின் முன்னால் பாயின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்துபோயிருக்கிறான். பதினெட்டு நிமிடம். மூச்சு எடுப்பது கேட்கிறது, தொண்டையைச் செருமுவது கேட்கிறது, கூட்டத்தில் ஒருவர் சொன்ன வார்த்தைக்குச் சிரித்துக்கொண்டே அடுத்த அடியை மாற்றிப் போடுவது கேட்கிறது. ஏழில் உருப்படியான பதிவு அது ஒன்றுதான்.

ஆகவே, உங்கள் தெருவில் பாடுகிறவர் யாராவது இருந்தால் இதைச் செய்யுங்கள். வீடியோ எடுப்பவர் எடுக்கட்டும். இரண்டாவது செல்போன் ஒன்றில் ஒலிப்பதிவுச் செயலியை மட்டும் திறந்து, அழைப்பு எதுவும் வராதபடி செய்து, மடித்த துண்டின் மேல் பாடுபவரிடமிருந்து மூன்று நான்கு அடிக்குள் வையுங்கள். டோலக்கின் பக்கம் வேண்டாம். ஒலிபெருக்கிப் பெட்டியின் எதிரிலும் வேண்டாம். ‘வேவ்’ வடிவில் சேமிக்க வசதியிருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு பெரிதாகும், பரவாயில்லை. தொடங்கும்போது இரண்டு கருவிகளுக்கும் தெரியும்படி, கேட்கும்படி ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். அந்தக் கைதட்டலை அடையாளமாக வைத்துப் பின்னர் படத்தையும் ஒலியையும் பொருத்திவிடலாம். சினிமாக்காரர்கள் கட்டை தட்டுவது இதற்காகத்தான்.

கறுப்பு வீடியோவிலிருந்து ஒலியைப் பிரித்துப் பெரியவரின் மனைவியிடம் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். “இது நல்லா கீது தம்பி. ராவுல தூக்கம் வராதப்ப போட்டுக்கறேன்” என்றார். பிறகு, “மத்த ஆறையும் அழிச்சிடாத. அதுல ஒண்ணுல அவரு என் பேத்தியக் கூப்ட்டு மடியில ஒக்கார வச்சிக்கினு பாடுவாரு” என்றார். ஏழையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.