முங்காத தக்கை

மார்கழிக் காலையில் ஏரிக்கரையில் தூண்டிலோடு குந்தியிருப்பவரைப் பார்த்து, "மனுசனுக்கு என்னா பொறுமை!" என்று வியக்கிறவர் ஆட்டத்தையே பார்க்கவில்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் எந்தக் கரையில் நின்றாலும் இப்போது இந்தப் பாராட்டுத்தான் காதில் விழுகிறது. பெரும்பாலும் ஒரே ஆளைப் பற்றி. பெயர் வேண்டாம், அவருக்கும் பிடிக்காது. கழிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். மூங்கில் கழியைத் தவிர வேறு எதையும் அவர் கையில் யாரும் பார்த்ததில்லை. தூண்டில் போடுகிறவர்களுக்கு ஆள் யாரென்று இதற்குள் தெரிந்திருக்கும்.

எத்தனை கிலோ, எத்தனை உருப்படி என்பதெல்லாம் சந்தைக்காரர் கணக்கு. அதை விட்டுவிடுவோம். கழிக்காரரின் கூடை நிறைவது எல்லாருக்கும் தெரியும். ஏன் நிறைகிறது என்பதில்தான் எல்லாரும் தப்பாகப் பேசுகிறார்கள். அவரிடம் பொறுமை கிடையாது. அந்தக் கரையிலேயே அவசரக்காரர் அவர்தான். மற்றவர்கள் தக்கை முங்கட்டும் என்று காத்திருக்கிறார்கள். அவர் முங்காத தக்கையைப் பார்த்துச் சுண்டுகிறார்.

முதலில் மீனைப் புரிந்துகொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய ஏரி மார்கழியில் வண்டல் படிந்து தெளிந்துவிடும், குளிர்ந்தும் விடும். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தம், செரிமானம் மந்தமானால் பசியும் மந்தம். இதில் கழிக்காரர் குறிவைக்கும் ஜிலேபிக் கெண்டை (திலேப்பியா) மற்ற மீன்களைவிட மோசம். ஆப்பிரிக்கச் சூட்டில் பிறந்து, 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இனம் அது. தண்ணீர் 20 டிகிரியை நெருங்கினாலே இரை எடுப்பதில் சுணங்கிவிடும். பாசியையும் சேற்றுக் கசடையும் மேய்ந்து வளர்ந்த சின்ன வாய் வேறு. விராலைப் போலப் பாய்ந்து கவ்வாது. கிட்டே வந்து நின்று, தண்ணீரோடு இரையையும் சேர்த்து உறிஞ்சும். முள்ளின் உறுத்தல் தெரிந்தால் அதே வேகத்தில் துப்பிவிடும். கண் இமைப்பதற்குள் இரண்டும் முடிந்துவிடும். மேலே தக்கை அப்படியே நிற்கும். கரையில் இருப்பவர் "இன்னும் வரலை" என்பார். உண்மையில் வந்துவிட்டுப் போயிருக்கும்.

ஆக, மார்கழி ஜிலேபிக்குத் தக்கை முங்குவது என்பது பெரும்பாலும் நடக்காத ஒன்று. நடக்காததற்காகக் காத்திருப்பதைப் பொறுமை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கழிக்காரரின் கையைப் பாருங்கள். தக்கை மயிலிறகுக் காம்பு. அதில் தண்ணீர் தொட வேண்டிய இடத்தில் ஒரு சிவப்பு நூல் சுற்றியிருப்பார். கீழே ஈயம் மிகச் சிறியது, முள்ளுக்கு ஒரு விரல் தள்ளி. தங்கூஸ் நூல் இருப்பதிலேயே மெலிசு. மண்புழு முழுசாகக் கிடையாது, கிள்ளிய துணுக்குத்தான். முழுப் புழுவை முள்ளில் கோத்துத் தொங்கவிட்டால் ஜிலேபி வாலை மட்டும் கொறித்துவிட்டுப் போகும் என்பது கரையில் உட்கார்ந்த சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் முழுசாகக் கோப்பவர்கள்தான் அதிகம்.

தூண்டிலை இறக்கியதும் அவர் கழியின் நுனியை இரண்டு விரற்கடை தூக்குகிறார். உடனே விடுகிறார். ஈயத்தின் கனம் இரையைக் கீழே இழுக்க, தக்கை மெல்ல அமிழ்ந்து சிவப்பு நூல் வரை வந்து நிற்க வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவர் உடம்பில் ஏறிவிட்டது. பிறகு சும்மா இருக்கிறார். மறுபடி தூக்குகிறார், விடுகிறார், சும்மா இருக்கிறார். இதில் தூக்குவது வெறும் அழைப்பு. மீனின் விலாவில் ஓடும் உணர்கோடு தண்ணீரின் அசைவைப் பிடித்துவிடும், அது கிட்டே வரும். ஆனால் அசைகிற இரையைச் சுணங்கிய மீன் தொடாது. இரை இறங்கும்போதோ, இறங்கி நின்ற பிறகோதான் வாயைத் திறக்கும். இறங்குகிற இரையை மீன் பாதியில் உறிஞ்சிவிட்டால் ஈயத்தின் கனம் தக்கைக்குப் போய்ச் சேராது. சிவப்பு நூல் தண்ணீரைத் தொடாமல் ஒரு நெல்மணி உயரத்தில் நின்றுவிடும்.

அந்த நெல்மணி உயரம்தான் அவருடைய ஆட்டம் முழுவதும். நூல் வர வேண்டிய நேரத்தில் வரவில்லையா, மணிக்கட்டு சுண்டும். பார்ப்பவருக்குக் காரணமே தெரியாது. பக்கத்தில் இருப்பவர், "ஏண்ணே, தக்கை அசையவே இல்லையே, எப்படிண்ணே தெரிஞ்சுது?" என்று கேட்பார். "அசையலை, அதான்" என்பார் அவர். கேட்டவர் கிண்டல் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வார். இதைவிடத் துல்லியமான தொழில்நுட்ப விளக்கத்தை எந்த விளையாட்டிலும் நான் கேட்டதில்லை.

இது நம்மூர்க் கிறுக்கு என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கிலும் உறைந்த ஏரியின் மேல் நடந்து போய், பனிக்கட்டியில் துளைபோட்டு, முழ நீளக் கோலால் மீன் பிடிக்கிறார்கள். வெள்ளைப் பெர்ச் என்று ஒரு மீன். கூட்டமாக வரும், கூட்டமாகவே முகம் சுளித்துவிட்டுப் போகும். உறைந்த ஏரியின் அடியில் தண்ணீர் ஏறக்குறைய 4 டிகிரியில் நிற்கும். அந்தக் குளிரில் அதன் கடியும் நம் மார்கழி ஜிலேபியின் கடி மாதிரிதான், தொட்டும் தொடாமலும். அங்கே கோல் நுனியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். இரையின் கனத்தில் அது லேசாக வளைந்திருக்கும். மீன் இரையை வாங்கிக்கொண்டு மேலே நகர்ந்தால் கனம் குறைந்து சுருள் நிமிரும். நிமிர்ந்ததும் சுண்ட வேண்டும். அங்கே கம்பி, இங்கே மயிலிறகுக் காம்பு. பனிக்கட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஒலியலைக் கருவிகூட அவர்களிடம் உண்டு. மீன் வந்து நிற்பது திரையில் தெரியும். வந்த மீன் வாயைத் திறக்க இரையை ஆட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதை எந்தத் திரையும் சொல்லாது.

கழிக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம் என்று கிளம்பியிருக்கும் இளவட்டங்கள் சறுக்குவது இங்கேதான். அவர் தூக்குவது கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதை எடுத்துக்கொண்டார்கள். சும்மா இருப்பது தெரியவில்லை, விட்டுவிட்டார்கள். ஒருத்தர் விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கிறார், மாவு சலிக்கிற மாதிரி. மீன் வந்து பார்த்துவிட்டு அலுத்துப்போய்த் திரும்பும். "அவருக்கு மட்டும் எப்படி மாமா விழுது? நானும் அதேதான் செய்யறேன்" என்கிறார்கள். அதேதான் இல்லை, தம்பி. பாதிதான்.

இதில் எனக்குச் சார்பு உண்டு, மறைக்கவில்லை. நான் மானாவாரி ஏரிக் கட்சி. பெரம்பலூர்ப் பக்கத்து ஏரிகள் வானத்தை நம்பியவை. ஒரு வருடம் நிரம்பும், ஒரு வருடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். தண்ணீர் கிடைத்த மாதங்களில் நுணுக்கமாக ஆடப் பழகியவர்கள் இங்கிருப்பவர்கள். கொள்ளிடக்கரைக் கட்சியோ திருமானூர், திருமழபாடிப் பக்கம் ஓடும் தண்ணீரில் கனமான ஈயத்தை வீசிவிட்டு, கழியைக் குச்சியில் சாத்திவிட்டு, கதை பேசுகிறது. கெளுத்தி தானே மாட்டிக்கொண்டு கழியை உலுக்கினால் எழுந்து போய் எடுப்பது. அதுவும் ஒரு வித்தைதான் என்பார்கள். இருக்கட்டும். 1995-ல் பெரம்பலூர் மாவட்டமானது. 2001-ல் அரியலூர் பிரிந்தது, 2002-ல் மறுபடி சேர்ந்தது, 2007-ல் மறுபடி பிரிந்தது. இத்தனை முறை கோடு போட்டும் அழித்தும் ஏரிக்காரனுக்கும் ஆற்றுக்காரனுக்கும் இடையே இருக்கிற கோடு மட்டும் அழியவில்லை.

விரால் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரப்பர் தவளையை அல்லி இலைமேல் இழுத்துவர, தண்ணீர் வெடித்து விரால் பாயும் காட்சியைக் கைபேசியில் பார்த்துவிட்டு, தூண்டில் என்றால் அதுதான் என்று ஒரு தலைமுறை நம்புகிறது. பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே முடிவெடுப்பது விரால். மனிதனுக்கு அதிர்ச்சி மட்டும். குஞ்சுக் கூட்டம் செம்புள்ளியாக மேலே திரள, அதைக் காவல் காக்கும் தாய் தகப்பனுக்கு நேரே தவளையை வீசுகிறவர்களை நான் விளையாட்டுக்காரர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பசியில்லாத விரால், பிள்ளைக்காகப் பாய்கிறது. அதைப் பிடித்துவிட்டு மார்தட்ட என்ன இருக்கிறது? குஞ்சுகள் அன்றைக்கே மற்ற மீன்களுக்கு இரை.

இனி வரும் மாதங்களுக்கு என் கணிப்பு.

தை பாதிவரை கழிக்காரரை யாரும் அசைக்க முடியாது. தை கடைசியில் வாடைக்காற்று ஓய்ந்து வெயில் ஏறும்போது அவர் முன்புபோலத் தனித்துத் தெரியமாட்டார். மாசியில் நீர்மட்டம் இறங்கி ஓரத் தண்ணீர் சூடாகும். ஆண் ஜிலேபிகள் கரையோரத்தில் தட்டுத் தட்டாகக் குழி பறித்து உட்காரும். பெண் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கும், அந்த நாட்களில் அநேகமாக இரையே எடுக்காது. ஆண் எடுக்கும், ஆனால் பசிக்கு அல்ல. தன் குழிக்குள் விழுந்ததை வெளியே தூக்கிப் போடத்தான் வாயில் கவ்வும். அப்போது தக்கை தாறுமாறாக ஓடும், எவர் சுண்டினாலும் மாட்டும். "பார்த்தீங்களா, அவருக்கும் எனக்கும் ஒரே கணக்குத்தான்" என்று நேற்று தூண்டில் வாங்கியவர் பேசும் மாதம் மாசி. பேசட்டும். பங்குனி, சித்திரையில் ஏரி வற்றி, ஊத்தாவும் கச்சாவும் கூடையுமாக ஊரே இறங்கும்போது தூண்டில் பேச்சே அடங்கிவிடும்.

கழிக்காரரைக் கொள்ளிடத்துக்குக் கூட்டிப்போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆற்றுக் கட்சி ஆசைப்படுகிறது. போனால் தோற்பார், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் தக்கை ஒரு நிலையில் நிற்காது. சிவப்பு நூல் வர வேண்டிய நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது. அவருடைய கணக்கு முழுக்கத் தேங்கிய தண்ணீருக்கானது. ஆற்றில் தோற்பதை வைத்து அவரை எடைபோடுவது அநியாயம். ஆற்றுக்காரர்களும் மார்கழியில் விசுவக்குடி பக்கமோ பொன்னேரிக் கரைக்கோ வந்து ஆடிக் காட்டட்டும். ராஜேந்திர சோழன் வெட்டிய பொன்னேரியில் வெறும் கூடையோடு திரும்புவதும் ஒரு பெருமைதான்.

அடுத்த மார்கழிக்குள் இன்னொரு மாற்றமும் வரும். மூங்கில் கழி குறையும், கார்பன் கோலும் ரீலும் பெருகும். நான் எதிர்ப்பவன் இல்லை. நுனி மெலிந்த கோலில் தக்கை இல்லாமலே கனம் குறைவதை விரல் உணரும். சொல்லப்போனால் இந்த ஆட்டத்துக்கு அது பொருந்தும். செங்குத்தாக இறக்கி ஆட்டும் ஆட்டத்துக்கு ஆழமான தெளிந்த தண்ணீர் தோதானது என்பதால் இந்தப் புதிய கூட்டத்தின் கண் அரியலூரின் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகள்மேல் விழும் என்பதும் என் ஊகம். அங்கே மட்டும் வேண்டாம். சரிவே இல்லாத சுவர், உதிரும் பாறை, காலூன்ற இடமில்லாத ஆழம். விழுந்தால் ஏறிவர வழி கிடையாது. கரைவெட்டியும் வேண்டாம். அது பறவைகள் சரணாலயம், 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே மீனுக்குப் போட்டியாளர்கள் ஏற்கெனவே பறந்து வந்திருக்கிறார்கள். மற்ற ஏரிகளில் மீன்பாசிக் குத்தகை யாருக்குப் போயிருக்கிறது என்று ஊரில் விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒற்றைத் தூண்டிலுக்கு மறுப்பவர்கள் குறைவு. கழிக்காரரும் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்.